இரண்டாவது சாவி

"மேசையை நகர்த்துங்க, திரும்ப முடியல," என்றார் ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தைப் பிடித்திருந்த ஆம்புலன்ஸ் வண்டிக்காரர். கால்பக்கம் நின்ற அக்காவின் கணவர் ஒரு கையை நீட்டிக் கணினியின் வயரைப் பிடித்தார்.

"அதைத் தொடாதீங்க," என்றாள் அக்கா.

டாக்டர் வந்து பார்த்துக் கையை விரித்துவிட்டுப் போயிருந்தார். தம்பி வெள்ளைத் துணிக்குள், கதவுக்கும் மேசைக்கும் நடுவில் சரிந்து கிடந்தான்.

"அவனை இறக்கி வைங்க. கொஞ்ச நேரம்."

கணவர் குனிந்து தன் பக்கத்தை இறக்கினார்.

காலையில் தம்பிதான் கூப்பிட்டிருந்தான். "அதிகாரியம்மா, ஒரு ஒப்புதல் வேணும். வகுப்பு முடிஞ்சா வந்துட்டுப் போ." அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். அவன் செய்துவந்தது குழந்தைகளின் எடைக்குத் தகுந்த மருந்தளவைக் கணக்கிடும் மென்பொருள். சின்ன ஆஸ்பத்திரிகள் இலவசமாக எடுத்துக்கொண்டன. ஒரு கம்பெனி ஆள் கொடுத்து, சம்பளம் கொடுத்து அதை வளர்த்தது. பிறகு ஒருநாள் கைகழுவிவிட்டது. எல்லோரும் கலைந்தார்கள். இவன் மட்டும் மிஞ்சினான்.

இரண்டு பேர் சாவி செருகாமல் எந்தத் திருத்தமும் வெளியே போகக்கூடாது என்பது பழைய விதி. கம்பெனியிடம் இருந்த இரண்டாவது சாவி, கணினியில் செருகும் கட்டைவிரல் அளவுத் துண்டு, தபாலில் இவனுக்கே வந்தது. இரண்டையும் அவனே வைத்திருந்தால் கேட்க நாதியில்லை. அக்காவிடம் கொடுத்தான்.

"எனக்கு இதுல என்னடா தெரியும்?"

"உன் கார்ல உன் பக்கமும் ஒரு பிரேக் இருக்குல்ல, அதுக்குத்தான். உனக்குப் புரியிற மாதிரி சொல்லத் தெரியலன்னா, நான் எதையோ தப்பா பண்ணியிருக்கேன்னு அர்த்தம்."

ஒருமுறை அவள் புரியவில்லை என்று எழுந்து போய்விட்டாள். மறுபடி விளக்க உட்கார்ந்தபோதுதான் தன் பிழை அவனுக்கே தெரிந்தது.

இன்று தன் சாவியைச் செருகி, ரகசிய எண்ணைத் தட்டிவிட்டு, "சின்னக் குழந்தைங்களுக்கு..." என்று ஆரம்பித்தவன், "இரு அக்கா, தொண்டை காயுது," என்றான். தண்ணீரோடு அவள் திரும்பியபோது விசைப்பலகையில் கன்னத்தை வைத்திருந்தான். "எழுந்திருடா, எனக்கு வேலை இருக்கு," என்று அதட்டியபடியே டம்ளரை வைத்தாள். அது இன்னும் நிறைந்தபடி அங்கேயே இருந்தது.

அவனுடைய போன் அடித்தது. அவன் கணக்குகளை வேறு ஊரிலிருந்து சரிபார்த்துக் கொடுக்கும் மருந்தாளுநர்ப் பெண்.

"சார், போட்டாச்சா?"

"நான் அக்கா பேசறேன். அவன் போயிட்டாம்மா. காலையில."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உருண்டது. "காலையிலகூட மெசேஜ் போட்டாரே... அக்கா வர்றா, எனக்குப் பரீட்சைன்னு."

அக்கா அவன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "என்ன மாத்தியிருக்கான்?"

"அதெல்லாம் இப்ப வேணாங்க்கா."

"கம்ப்யூட்டரை அணைச்சா அவன் கொடுத்த ஒப்புதல் போயிடும். அவன் ரகசிய நம்பர் யாருக்கும் தெரியாது. சொல்லு."

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ரொம்பச் சின்னக் குழந்தைன்னா எடையை முழுசாக்கிடுது. ரெண்டரை கிலோவை மூணுன்னு எடுத்துக்குது. மருந்து கூடிடும். சார் கிராம்லயே கணக்குப் போட வச்சார்."

"இப்ப ஆஸ்பத்திரில என்ன பண்றாங்க?"

"கணக்கைக் கையால போடறாங்க. எவ்வளவு நேரம் தப்பில்லாம போடுவாங்க?"

"பெரிய குழந்தைக்கு எதுவும் மாறுதா?"

"சாரும் நீங்க இதைக் கேப்பீங்கன்னாரு. மாறல. நானே போட்டுப் பாத்தேன்."

"எனக்கு முழுசா ஏறல. இன்னொரு தடவை, மெதுவா."

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள். வண்டிக்காரர் சுவரில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அக்கா கார் சாவிக்கொத்திலிருந்து அந்தச் சின்னச் சாவியைக் கழற்றிச் செருகி, விரலை வைத்தாள். பச்சை விளக்கு மினுங்கி அணைந்தது.

"வந்துடுச்சுக்கா," என்றது போன். பிறகு, "அடுத்த திருத்தம் எப்படிக்கா?"

அக்கா சாவியைக் கொத்தில் மாட்டிக்கொண்டு, வயரைத் தானே பிடுங்கினாள்.

"இப்ப நகர்த்துங்க."

ஆம்புலன்ஸில் வண்டிக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் தம்பி. தெருமுனையில் வண்டி வேகம் குறையாமல் திரும்பியது. அவளுடைய வலது கால் தானாக எழுந்து தரையை மிதித்தது. அங்கே பெடல் எதுவும் இல்லை. காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே இருந்தாள்.