குட்டை டார்ச்சைச் சோதித்த சாயங்காலம்

பிச்சைமணியின் தாடையை உடைத்த டார்ச் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அஞ்சு பேட்டரிக் கட்டை போடுகிற பழைய பித்தளை டார்ச். தலைப்பக்கம் ஓரிடத்தில் நசுங்கியிருக்கும். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவேன். கேட்காவிட்டாலும் காட்டுவேன்.

இடுக்கியைத் தனி மாவட்டமாகப் பிரித்த வருஷம் அது. குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், நானும் என் புருஷன் சங்கையாவும் இருந்தோம். நான் காய் எடுக்கப் போவேன். அவர் தோட்டத்துக்குக் காவல். பிச்சைமணி எங்கள் சூப்பர்வைசர். கம்பத்துப் பக்கம் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர் என்பதால் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன்.

அந்த அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. அதற்கு முந்தின வாரம்தான் என்னோடு காய் எடுக்கிற சின்னத்தாயி மடியில் ஒரு பிடி ஏலக்காய் இருந்ததென்று, எல்லோரையும் நிற்கவைத்து, கையிலிருந்த டார்ச்சாலேயே அவள் முதுகில் சாத்தினார். அவள் ராத்திரியெல்லாம் ரத்தமாக இருமினாள். நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். வேறு என்ன செய்ய? லயத்தில் குடியிருக்க வேண்டுமே.

ஒரு பிடி காய்க்கு அவ்வளவு ரோஷம் காட்டிய மனுஷன், மூட்டை மூட்டையாகத் தோட்டத்துக் காயைத் திருட்டுத்தனமாக மலைக்குக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார். காட்டுப்பாதை வழியாகச் சுமையாட்கள் போக, முன்னால் அவர் நடந்து போனதை என் புருஷன் கண்ணால் பார்த்திருந்தார். என்னிடம் மட்டும் சொன்னார்.

"மொதலாளி சனிக்கிழம வருவாக. சொல்லிப்புடுவேன்" என்றார்.

"வாய மூடிக்கிட்டு இருய்யா. அந்தாளு அடிச்சா எலும்பு மிஞ்சாது."

"அப்ப சின்னத்தாயி வாங்குன அடி?"

 என் புருஷனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மனசில் ஒன்று இருந்தால் அதை முகத்தில் ஒட்டிக்கொண்டு திரிவார். அந்த வாரம் முழுக்க அவர் பிச்சைமணியைப் பார்த்த பார்வை எனக்கே விளங்கியது. பிச்சைமணிக்கு விளங்காமலா இருக்கும்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மத்தியாஸ் வந்தான். ராயப்பன்பட்டிக்காரன், குமுளியில் கடை வைத்திருந்தவன். பையிலிருந்து ஒரு டார்ச்சை எடுத்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சாண்கூட இல்லை. தலை மட்டும் பெரிசு, உடம்பு குட்டை. சவலைப் பிள்ளை மாதிரி இருந்தது.

"இதுவா யானைய வெரட்டப் போகுது?" என்றேன்.

"சிரிக்காத சுருளியக்கா. கப்பல்ல வந்த சரக்கு. இந்தக் கழுத்தத் திருகுனா வெளிச்சம் ஒடுங்கி அங்கிட்டு மலைக்கே போகும். மாத்தித் திருகுனா விரியும். மடியில சொருகிக்கலாம்."

காவல்காரர்கள் எல்லோருக்கும் வாங்குவதா வேண்டாமா என்று பார்த்துச் சொல்லும்படி முதலாளி சொல்லியனுப்பியிருந்தாராம். எங்கள் பக்கம் டார்ச்சைப் பார்ப்பது ஒரே விதம்தான். எதிர்ச் சரிவில் ஓர் ஆளை நிறுத்தி விரலைக் காட்டச் சொல்வது. விரலை எண்ண முடிந்தால் நல்ல டார்ச்.

ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் பெரிய ஓடைப்பள்ளம். அந்தப் பக்கம் ஒரு மொட்டைப் பாறை. கூப்பிட்டால் கேட்கும். ஆனால் போய்ச்சேர வேண்டுமானால் பள்ளத்தில் இறங்கி, மரப்பாலம் தாண்டி, ஏற வேண்டும்.

"சங்கையா, நீ போய்ப் பாறையில நில்லு" என்றார் பிச்சைமணி. "ஒன்னோட பழைய டார்ச்ச இங்க குடு. ரெண்டையும் வச்சுப் பாக்கணும்."

அவர் கொடுத்தார். அதை என் கையில் திணித்தார் பிச்சைமணி.

"அந்தக் கத்தியையும் வச்சிட்டுப் போ. இடுப்புல மினுங்கிக்கிட்டுக் கெடந்தா வெளிச்சத்துல கண்ணு அங்கதான் போகும்."

இடுப்பிலிருந்த வெட்டுக்கத்தியை உருவி ஸ்டோர் வாசலில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு இறங்கினார் என் புருஷன். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. மழை விட்டிருந்தது. அவர் பாறைமேல் ஏறி நின்றபோது பொழுது சாய்ந்து நன்றாகக் கருத்துவிட்டது.

முதலில் பழைய டார்ச்சை நான் அடித்தேன். வெளிச்சம் மங்கலாகப் பாறை முழுக்கப் பரவியது. நடுவில் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. கையைத் தூக்கியிருக்கிறார் என்பதும் தெரிந்தது. விரல் தெரியவில்லை.

பிறகு மத்தியாஸ் குட்டையனை அடித்தான். கழுத்தைத் திருகத் திருக வெளிச்சம் ஒடுங்கி, ஒரு தட்டு அளவுக்கு வட்டமாகி, என் புருஷன் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. சட்டைப் பித்தான்கூடத் தெரிந்தது. கையைத் தூக்கினார்.

"மூணு!" என்று நானே கத்திவிட்டேன். சிரித்ததற்கு வெட்கமாக இருந்தது.

"ஆமா, மூணு!" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"குடு, நான் பாக்குறேன்" என்று பிச்சைமணி டார்ச்சை வாங்கினார். வெளிச்சத்தை நெஞ்சிலிருந்து முகத்துக்கு ஏற்றினார். "டேய், அஞ்சு வெரலையும் விரிச்சுக் கைய நல்லா ஒசத்து. அசையாம நில்லு!"

"கண்ணு கூசுதுண்ணே!"

"கூசுனாத்தான்டா நல்ல லைட்டு!"

என் புருஷன் கையை உயர்த்திக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றார். அஞ்சு விரலை எண்ண எவ்வளவு நேரமாகும்? பிச்சைமணி எண்ணிக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. அப்போதுதான் வட்டத்தின் ஓரத்தில் ஒரு கைலி முனை வந்து மறைந்தது.

"அண்ணே, அங்கிட்டு யாரோ நிக்கிறாக."

"ஒருத்தருமில்ல."

"கழுத்தத் திருகுங்கண்ணே, விரியும், பாத்துறலாம்" என்றான் மத்தியாஸ்.

பிச்சைமணி திருகவில்லை. என் கையிலிருந்த பழைய டார்ச்சை நான் அமுக்கினேன். அந்த மங்கல் வெளிச்சம் பாறை முழுக்கப் பரவியது. என் புருஷனுக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். முகத்தில் துண்டு கட்டியிருந்தார்கள். கையில் அரிவாள். கண் கூசி நின்ற மனுஷனுக்கு இரண்டு பேரும் தெரியவில்லை.

"சங்கையா!" என்று கத்தினேன். "சங்கையா, ஓடு!"

புருஷன் பெயரை அதுவரை நான் வாயால் சொன்னதில்லை. குரல் வந்த பக்கம் அவர் தலையைத் திருப்பினார். கழுத்துக்கு வந்த வெட்டு உயர்த்திய கையில் விழுந்தது. மத்தியாஸின் டார்ச் நல்ல டார்ச்தான், குறை சொல்லக்கூடாது. விரல் தெறித்துப் பாறையில் விழுந்ததுகூட அதில் தெரிந்தது.

அவர் அலறிக்கொண்டு விழுந்தார். வெளிச்சமும் கூடவே இறங்கியது. தவழ்ந்தார், வெளிச்சமும் தவழ்ந்தது. அடுத்த வெட்டு தோளில் பட்டுச் சட்டை கிழிந்து சிவந்தது. யாரென்று பார்க்க நினைக்கிற மனுஷன் வெளிச்சத்தை வெட்டுகிறவன் முகத்தில் அல்லவா அடிப்பான்? பிச்சைமணி ஒரு தடவைகூட அதை அவர்கள் பக்கம் திருப்பவில்லை. என் புருஷன் மேலேயே வைத்திருந்தான். கறி வெட்டுகிறவனுக்கு விளக்குப் பிடிக்கிற மாதிரிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

எனக்கு விளங்கிவிட்டது. என் டார்ச்சை அணைத்தேன். கட்டையைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் பிடித்தேன். அவன் தாடையில் ஓங்கி அடித்தேன்.

எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டு எனக்கு நிறைவாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அப்படியும் குட்டை டார்ச்சை அவன் விடவில்லை. மணிக்கட்டில் ஒன்று போட்டேன். டார்ச் கைநழுவி, எரிந்துகொண்டே பள்ளத்தில் உருண்டு, கல்லில் மோதி அணைந்தது.

கும்மிருட்டு. பிச்சைமணி என் முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, வயிற்றில் உதைத்தான். மூச்சு நின்றுவிட்டது. படுத்தவாக்கில் டார்ச்சை வீசினேன். முழங்காலிலோ எங்கோ பட்டது. இருட்டில் எங்கே படுகிறதென்று பார்க்காமல் அடித்துக்கொண்டே இருந்தேன். சின்னத்தாயி முதுகில் விழுந்த அடியும் அதில் சேர்த்திதான். என் முடியிலிருந்து கை தளர, அவன் நினைவில்லாமல் சாய்ந்தான். மத்தியாஸ் பக்கத்தில் 'மாதாவே, மாதாவே' என்று அழுதுகொண்டிருந்தான்.

"வாய மூடு" என்றேன்.

எதிர்ச் சரிவில் என்ன நடக்கிறதென்று காது கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. ஏலச்செடிகளுக்குள் அரிவாள் 'சரக் சரக்' என்று விழுகிற சத்தம். இருட்டில் கண்டபடி வெட்டுகிறார்கள். அவர்கள் வெளிச்சம் கொண்டுவரவில்லை. வெளிச்சம் தருகிறேன் என்று சொல்லித்தான் ஆளைக் கூட்டி வந்திருந்தானே இவன்.

கூப்பிட வேண்டும்போல் இருந்தது. 'உயிரோடு இருக்கியா' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஆனால் கூப்பிட்டால் அந்த மனுஷன் பதில் சொல்லுவார். பதில் சொன்னால் இடம் தெரிந்துவிடும். அந்தச் சரிவில் இருட்டிலேயே நடந்து பழகியவர் அவர். இருட்டும் நான் பேசாமலிருப்பதும் தவிர அவருக்கு என்னால் கொடுக்க முடிந்தது வேறொன்றுமில்லை. சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது ஓர் அலறல் கேட்டது. ஆள் அலறலா மிருகமா என்று தெரியாத அலறல். யாரோ சரிவில் விழுந்தடித்து ஓடினார்கள். பிறகு ஒன்றுமில்லை. அந்த நேரத்தில் நான் தாலியை இறுகப் பிடித்திருந்தேனாம், மத்தியாஸ் பிறகு சொன்னான்.

எவ்வளவு நேரம் போனதோ. பள்ளத்துப் பக்கமிருந்து ஈரமான ஒரு கை வந்து என் காலைப் பிடித்தது. டார்ச்சை ஓங்கிவிட்டேன்.

"சுருளி, நாந்தாண்டி" என்றது அந்தக் கை.

அலறியது வெட்ட வந்தவர்களில் ஒருவன். அவன் தொடையை அவன் கூட்டாளியே இருட்டில் சங்கையா என்று நினைத்துப் பிளந்திருந்தான். கூட்டாளி ஓடிவிட, இவன் மட்டும் பாறைக்குக் கீழே கிடந்தான். லயத்து ஆட்கள் பந்தம் கொண்டுபோய்த் தூக்கி வந்தார்கள். போலீஸ் வந்ததும் கேட்காமலேயே எல்லாவற்றையும் கக்கிவிட்டான். வெளியூர்க்காரன். சங்கையாவை முன்பின் பார்த்ததே இல்லையாம்.

"லைட்டு எவன் மேல விழுதோ அவன வெட்டுங்கன்னாரு" என்றான்.

பிச்சைமணி கட்டுப்போட்ட வாயோடு வேறொரு கதை எழுதிக் கொடுத்தான். வெளிச்சம் காட்டிச் சங்கையாவைக் காப்பாற்றப் பார்த்தானாம், வெறிபிடித்த இந்தப் பொம்பளை அடித்துவிட்டாளாம். மத்தியாஸைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். பயந்த பயல். ஆனாலும் சொன்னான்.

"கழுத்தத் திருகச் சொன்னேன் சார். திருகல."

அந்தச் சொல்லும் தொடை பிளந்தவன் வாக்குமூலமும் சேர்ந்து பிச்சைமணியை ஜெயிலுக்கு அனுப்பின.

வெட்டு நடந்த மறுநாளே, சனிக்கிழமை, சொன்னபடி முதலாளி வந்தார். ஆசுபத்திரியில் என் புருஷன் சொல்ல நினைத்ததைச் சொல்லி முடித்தார். முதலாளி தலையைக் குனிந்து கேட்டார். எழுந்து போகும்போது, என்ன பேசுவதென்று தெரியாமலோ என்னவோ, என்னிடம் கேட்டார்.

"ரெண்டுல எதும்மா நல்ல டார்ச்சு?"

"தூரத்துக்கு அந்தக் குட்டைதான் மொதலாளி. பக்கத்துல நிக்கிறவனுக்கு இந்தப் பழசு" என்றேன்.

காவல்காரர்கள் எல்லோருக்கும் குட்டை டார்ச்சே வாங்கினார். எங்களுக்கும் ஒன்று கொடுத்தார். பெட்டியோடு அப்படியே கிடக்கிறது. என் புருஷனின் வலது கையில் இரண்டு விரல் இல்லை. காவல் வேலை போய், ஸ்டோரில் காய் உலர்த்துகிற அடுப்புக்கு விறகு தள்ளுகிறார்.

லயத்துப் பொம்பளைகள் அந்த வெட்டைக்கூட மறந்துவிட்டார்கள். நான் புருஷன் பெயரைச் சொல்லிக் கத்தியதை மட்டும் இன்னும் பேசிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இருட்டின பிறகு அவர் வேலை முடிந்து வருகிற வழியில் நான் வெளிச்சம் அடிப்பதில்லை. அவர் மேல் டார்ச் வெளிச்சம் விழ நான் விடுவதில்லை. வாசலில் நின்று கூப்பிடுவேன்.

"சங்கையா!"

"என்னடி?" என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வரும்.

அதற்குப் பிறகுதான் உலையில் அரிசி போடுவேன்.