மூடியை எங்கே வைப்பது

மூடியை எங்கே வைப்பது என்ற கவலையே இவருக்கு இல்லை, இருக்கவும் கூடாது, அதற்காகத்தானே இந்தப் பாடெல்லாம்… அங்கிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் தெரியாத கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் ஓவிய ஆசிரியர் பென் டிரைவைக் கையில் எடுக்கிறார், ஒருமுறை புரட்டுகிறார், கட்டைவிரல் தானாகப் பள்ளத்தில் போய் உட்காருகிறது, ஒரு தள்ளு, உலோக நுனி தலையை நீட்டுகிறது, மனிதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரும் சொல்லித் தரவில்லையே, விரலுக்கு எப்படித் தெரிந்தது? இந்தப் பக்கம் இருட்டறையில், மேலாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவளுக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல் இருக்கிறது. அவள் வரைந்தது, அவளுடைய முதல் சொந்தப் பொருள், சாயங்காலத்துக்குள் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் பட்டறையில் பிளாஸ்டிக் வார்க்கும் அச்சுக்கு எஃகை வெட்டிவிடுவார்கள், வெட்டிய பிறகு மாற்றம் கிற்றம் என்று யாரும் வாயைத் திறக்க முடியாது. காலையில் சோதனைக்கு வந்தவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க மூடி போட்ட பழைய பென் டிரைவைக் கொடுத்தார்கள், அப்பப்பா, என்ன அவஸ்தை… ஒருவர் மூடியைப் பல்லில் கவ்வினார், ஒரு அம்மாள் சுண்டுவிரலில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டார், தையல்காரர் ஒருவர் கடைசிவரை உள்ளங்கைக்குள் பொத்தியே வைத்திருந்தார், ஒற்றைக் கையால் தட்டுத் தடுமாறி. அக்கா சொன்னது சரிதான். அக்கா வேலை பார்க்கும் அச்சகத்தில் அவள் மேசை இழுப்பறையைத் திறந்தால் பென் டிரைவ் எல்லாம் மொட்டை மொட்டையாகக் கிடக்கும், “மூடியத் தொலைக்காத ஆள் ஒருத்தரக் காட்டுடி, என் பேரையே மாத்திக்கறேன்” என்றாள், அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது, மூடியே இல்லாவிட்டால் எப்படித் தொலையும்?

படங்களை ஏற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய் டிவியில் போட்டுப் பார்க்க வேண்டும், சோதனை அவ்வளவுதான். ஓவிய ஆசிரியர் ஏற்றி முடித்தார், எழுந்தார், கையை வீசிக்கொண்டு நடந்தார், டிவி முன்னால் போய் நின்று சட்டைப்பையைத் தடவுகிறார், பென் டிரைவ் கணினியிலேயே இருக்கிறது. மேலாளர் விழுந்து விழுந்து சிரித்தார், அவளும்தான் சிரித்தாள். அடுத்து வந்த மருந்துக்கடைப் பெண்ணும் அப்படியே போய் நின்றபோது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. அதற்கடுத்தவரும்… இதென்ன, மத்தியானம் வருகிறவர்கள் எல்லாம் மறதிக்காரர்களா, சாப்பாட்டு மயக்கமா? காலையில் யாராவது மறந்தார்களா? இல்லை, பொறு, தையல்காரர் மறந்தார், கதவு வரைக்கும் போய்விட்டார், கதவைத் திறக்கக் கையை நீட்டினால் உள்ளங்கையில் மூடி, அதை ஒரு பார்வை பார்த்தார், “அட” என்று திரும்பி வந்து உருவிக்கொண்டு போனார். பல்லில் கவ்வியவருக்கும் அதேதான், வாயில் ஒன்றை வைத்துக்கொண்டு எத்தனை தூரம் போக முடியும்? அப்படியானால் அந்தப் பாழாய்ப்போன மூடி இத்தனை நாளாகச் சும்மா இருக்கவில்லையா, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறதா, இன்னும் வேலை முடியவில்லை, வா, வா என்று?

“மறந்துட்டுப் போறது அவங்க குணம்மா, அதுக்கு நாம என்ன பண்ணுவோம்?” என்கிறார் மேலாளர், நல்ல மனிதர், அவளுக்காகத்தான் சொல்கிறார். “மூடி இருந்தா மறந்திருக்க மாட்டாங்க சார்.” சொல்லும்போதே தன் பிள்ளையைப் பற்றித் தானே கோள்மூட்டுவது போல இருந்தது… ஆனாலும் உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு, அந்த வருத்தத்தைவிட அது பெரிதாக இருப்பதுதான் வெட்கமாக இருக்கிறது. கை எதை நினைவில் வைத்துக்கொள்கிறது, காலியாக இருக்கும்போது எங்கே போய்விடுகிறது? கைப்பேசி அதிர்ந்தது, பட்டறைக்காரர், “எஃகு மெஷின்ல ஏத்தியாச்சும்மா, வெட்டலாங்களா?” மேலாளர் தலையை ஆட்டுகிறார், சொல், சொல்லிவிடு என்று. “இன்னிக்கு வேணாங்க, இறக்கி வெச்சிருங்க” என்றாள். “எப்ப ஏத்தட்டும்?” “தெரியலங்க, நானே கூப்பிடறேன்.” கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தபோதுதான் அது நினைவுக்கு வந்தது… போன வருடம் எல்லோருமாகச் செய்த மெமரி கார்டைச் செருகிப் படிக்கும் பெட்டியில், கார்டு உள்ளே இருக்கும்வரை ஒரு சின்ன விளக்கு ஓயாமல் மினுக்கிக்கொண்டிருந்தது, எரிச்சலாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று சொன்னது அவள்தான், எல்லோரும் பாராட்டினார்கள், பெட்டிகள் கடைக்குப் போய்விட்டன, அது எதற்காக மினுக்கியது என்று அன்றைக்கு யாராவது கேட்டோமா?