அசையாத பொம்மை

கொல்லங்கோட்டுப் பக்கத்துக் கோயில் நோம்பிகளில் சென்னிமலையும் ரத்தினசாமியும் போடும் ஆட்டத்துக்குக் கதையும் கிடையாது, பாட்டும் கிடையாது. சென்னிமலை சோளக்காட்டுப் பொம்மையாக மேடையில் நிற்பான். ரத்தினசாமி காக்காயாக வந்து, பேசிப் பேசி அவனை அசைக்கப் பார்ப்பான். செண்டை கொட்டுவதற்குள் பொம்மை அசைந்தால் காக்காய் ஜெயித்தது. ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. சனம் சிரித்தது என்னவோ ரத்தினசாமி பேச்சுக்குத்தான். பேர் வாங்கியது சும்மா நின்றவன். அது ரத்தினசாமிக்கு உள்ளுக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

எழுபத்து நாலாம் வருஷம் மாரியம்மன் நோம்பிக்குக் காக்காய் ஒரு சேலையைச் சுற்றிக்கொண்டு வந்தது. சென்னிமலையின் பெண்டாட்டி மருதாத்தாள் கட்டுகிற அரக்குச் சேலை மாதிரியே. இடுப்பை ஒடித்து, அவள் குரலிலேயே பேசியது.

“ஏனுங்க, நான் பொறந்த ஊட்டுக்குப் போகலீங்க. லாரிக்காரரோட போறனுங்க. பொம்மைகூட எத்தன நாளைக்குங்க குடும்பம் நடத்தறது?”

கூட்டம் உருண்டு சிரித்தது. மருதாத்தாள் பிறந்த வீட்டுக்குப் போயிருப்பதாகத்தான் சென்னிமலை ஊருக்குச் சொல்லியிருந்தான். லாரிக்காரன் விஷயத்தை ரத்தினசாமி ஒருவனிடம் மட்டும், அவன் தோளில் சாய்ந்து அழுதபடி சொல்லியிருந்தான். பாவி, அதை மேடையில் கொண்டுவந்து கொட்டிவிட்டான். அசைந்தால் உண்மை என்று ஆகிவிடும். அசையாமல் நின்றால் கேலியோடு கேலியாகப் போய்விடும். விரித்த கைகளை அப்படியே வைத்துக்கொண்டு நின்றான். விரல்கூட ஆடவில்லை. கண்ணீர்தான் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. முகத்தில் பூசிய சுண்ணாம்பில் கோடு போட்டு இறங்கியது.

முன்வரிசையில் யாரோ பார்த்துவிட்டார்கள். “பொம்மை அழுவுதுடோய்.”

சிரிப்பு நின்றது. கண்ணீர் அசைவில் சேர்த்தியா இல்லையா என்று கமிட்டிக்காரர்களுக்குள் சண்டை கிளம்பியது. முடிவாகும்வரை செண்டை கொட்டக் கூடாது என்றார் தலைவர் குப்பண்ணன். மேடையேறி வந்து அவன் கன்னத்தை உற்றுப் பார்த்தார்கள். ஒருவர் விரலால் தொட்டும் பார்த்தார். சென்னிமலை நின்றான். கடைசியில், “கண்ணீர் தானா வாரதுங்க, அசைவுல சேராது” என்று தீர்ப்பாகி, செண்டை கொட்டி, ஜெயித்தவன் என்று அவனுக்கு மாலை போட்டார்கள். மாலை போட்ட குப்பண்ணனே காதோரம் குனிந்து கேட்டார்.

“லாரிக்காரன் எந்தூருப்பா?”

மேடைக்குப் பின்னால் ரத்தினசாமி சேலையை மடித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“நான் வெளையாட்டுக்குத்தான சொன்னேன். நீ அழுகாம இருந்திருந்தா ஒருத்தனும் நம்பியிருக்க மாட்டான்டா.”