ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி

1

செயற்கைக்கோளைப் பற்றி எழுதினால் அறிவாளியாகத் தெரிவேன் என்ற ஆசையில்தான் இந்தக் கதை பிறந்தது. முதல் வாக்கியம்: "விண்வெளியின் பேரமைதியில்..."

[அடித்தாயிற்று. கதை நடப்பது கோவில்பட்டி பைபாஸ் ஓரத்துப் பட்டறையில். அமைதிக்கு ஏது இடம்?]

2

மேற்படி பட்டறையில் ஒரு கல்லூரிச் செயற்கைக்கோளுக்கு மின்சாரம் தரும் சூரியத் தகடு தயாராகிறது. மின்சாரம் ஓடினால் கூடவே காந்தமும் எழும். பூமியின் காந்தத்தை அளக்கப் போகிற கருவி அதையும் சேர்த்து அளந்து குழம்பிவிடும். ஆகவே, செல் வரிசைகளை ஒன்றுவிட்டு ஒன்று திருப்பி ஒட்ட வேண்டும். எதிரெதிராக ஓடும் மின்சாரம் ஒன்றின் காந்தத்தை ஒன்று அழித்துவிடும். வரைபடம் போட்டவன் பொறியாளன் லிங்கராஜ். ஒட்டியவர் வெள்ளைத்தாய், தீப்பெட்டி ஆபீசில் பல வருஷம் பெட்டி அடைத்தவர். அங்கே ஒரு குச்சி தலைமாறிக் கிடந்தாலும் பெட்டியையே கொட்டிவிடுவார்கள்.

3

"தம்பி, ஒண்ணு கேக்குதேன். படத்துல ரெண்டாவது வரிசை தலைமாறி இருக்கே, சரிதானா?"

லிங்கராஜின் காதில் போன். படத்தின் பக்கம் கண் திரும்பவில்லை. "தீப்பெட்டி அடைச்ச கைதானே அக்கா? எல்லாம் ஒரே பக்கமா வைங்க."

[இங்கே வெள்ளைத்தாயை அவனுக்குப் பாடம் சொல்ல வைத்திருந்தேன். கிழித்துவிட்டேன். அவருக்குக் காந்தம் தெரியாது. சந்தேகம் வந்தது, கேட்டார்.]

4

சோதனையன்று தகட்டின் மேல் விளக்கைப் போட்டதும் காந்தமானியில் எண்கள் எகிறின.

"யாருலே இத ஒட்டுனது?" என்றார் முதலாளி சுந்தரபாண்டியன். "எல்லா வரிசையும் ஒரே பக்கமா கெடக்கு. தீப்பெட்டி மாதிரி பண்டல் போட்டு லாரில ஏத்தவா?"

நான்தான் சொன்னேன் என்று லிங்கராஜ் வாயைத் திறந்து

(இந்த வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது. அவன் சொன்னது வேறு.)

"அக்காவுக்கு இன்னும் தீப்பெட்டி ஞாபகம், அண்ணாச்சி."

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைத்தாயும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் லிங்கராஜுக்குக் காது மடல் சுட்டது.

"அப்போ அங்கனயே போயிரும்மா," என்றார் முதலாளி.

5

முடிவு அ: மறுநாள் அவன் உண்மையைச் சொல்கிறான். எழுதிப் பார்த்தேன், அவன் வெட்கம் மலிவாகத் தீர்ந்துபோகிறது.

முடிவு ஆ: வெள்ளைத்தாயே உடைத்துப் பேசுகிறார். அந்த வேலையையும் அவர் தலையிலா கட்டுவது?

நடந்தது இதுதான்: தூக்குவாளியோடு அவர் லிங்கராஜின் மேசைக்கு வந்தார்.

"அடுத்து வாரவகிட்ட போனக் கீழ வச்சுட்டுச் சொல்லுங்க தம்பி. வாரேன்."

வாசலில் செருப்பு மாட்டுகிறார். முதலாளியின் அறைக் கதவு திறந்துதான் கிடக்கிறது. லிங்கராஜ் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டான். எழுந்து எந்தப் பக்கம் போனான் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது.