ஒப்பீட்டுக் கணக்கும் ஒரே ஒரு பட்டமும்

தாய்மாமாவின் கம்பெனியில் வேலை பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. திட்டு வாங்க அடுத்த குடும்ப விசேஷம்வரை காத்திருக்க வேண்டாம்.

சாதனையாளர் சங்கம் ஒன்றின் உறுப்பினர் பெயர்களை அகரவரிசையில் அடுக்க மாமா ஒரு கணினி நிரல் எழுதியிருந்தார். அவரிடம் வேலை பார்க்கும் மருமகள் வேறொன்று எழுதினாள். எது குறைவான ஒப்பீடுகளில் அடுக்கி முடிக்கிறதோ அதுவே சங்கத்துக்குப் போகும். தோற்றால் அவள் விற்பனைப் பிரிவுக்குப் போக வேண்டும். நிபந்தனை மாமாவுடையது, நடுவரும் அவரே.

இரண்டையும் ஓட்டினார்கள். அவளுடைய எண்ணிக்கை மாமாவுடையதைப்போல் ஐந்து மடங்கு.

"என்ன மருமகளே, விசிட்டிங் கார்டு அடிக்கச் சொல்லிரவா?"

சுற்றியிருந்தவர்கள் வாங்கும் சம்பளத்துக்கு ஏற்ற அளவு சிரித்தார்கள்.

"எண்ணுற விதமே தப்பு மாமா. நீங்க ரெண்டு பெயரை முழுசா ஒப்பிட்டா ஒண்ணுங்கிறீங்க. நான் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒண்ணுன்னு எண்ணுறேன்."

"தோத்தவன் தராசைத்தான் குறை சொல்வான்."

"உங்க தராசுல மூட்டையும் ஒண்ணு, நெல்மணியும் ஒண்ணு. நகருங்க."

"என் நிரல்ல கை வைக்காதே!"

"கை வைக்கல. எண்ணப் போறேன், அவ்வளவுதான்."

அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அவர் நிரலும் எழுத்தெழுத்தாக எண்ணும்படி செய்து ஓட்டினாள். இப்போது மாமாவின் எண்ணிக்கை அவளுடையதைப்போல் ஆறு மடங்கு.

காரணம் திரையிலேயே இருந்தது. சங்கம் எல்லோர் பெயருக்கும் முன்னால் ஒரே பட்டத்தைப் போட்டிருந்தது: 'செயற்கரிய செய்த மாண்புமிகு சாதனைச் செம்மல்'. எந்த இரண்டு பெயர் எதிர்ப்பட்டாலும் மாமாவின் நிரல் பட்டத்தை முழுக்க வாசித்துவிட்டுத்தான் பெயருக்கு வந்தது. அவளுடையதோ எல்லோரும் செம்மல்தான் என்று ஒருமுறை தெரிந்துகொண்டதும் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"பட்டத்தை வெட்டிட்டா நான்தான் ஜெயிப்பேன்," என்று மாமா சங்கச் செயலாளரைப் போனில் பிடித்தார்.

"அதை எடுத்துட்டா மிச்சம் என்ன சார் இருக்கும்?" என்றார் செயலாளர்.

"பெயர் இருக்குமே!"

"அது அப்பா அம்மா சும்மா வெச்சது சார். பட்டம் நாங்களே பாடுபட்டு எங்களுக்குக் குடுத்துக்கிட்டது."

போனை வைத்துவிட்டு மாமா திரையைப் பார்த்தார். எண்கள் உறவுமுறை பார்க்கவில்லை.

"எதை அனுப்பட்டும் மாமா?" அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை.

"உன்னோடதையே அனுப்பித் தொலை. கேட்டா, நம்ம குழு எழுதினதுன்னு சொல்லு."

"வாயால அப்படியே சொல்றேன். ஆனா நிரலோட முதல் வரியில, எழுதினவர்னு என் பெயர்தான் இருக்கும். பட்டமில்லாம."

அனுப்பினாள்.