கண்ணாடிக்கு அடிக்கிற தண்ணி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று நீங்கள் சொல்லக்கூடும். தயவுசெய்து சொல்லாதீர்கள், அந்தக் கெட்டித்தனமெல்லாம் இன்றைக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்ன பொய் மூன்றே சொல்: "பியூஸ் போயிட்டுது, தங்கச்சி." அதைப் பிரஷாந்தினிக்குச் சொன்னேன். எனக்கு மேல்மாடியில் இருப்பவள், என் நண்பன் றூபனின் மனைவி. அப்போது றூபன் செத்துப் பதினாறு நாள்.

பொய்யைத் திருத்தத்தான் எழுத உட்கார்ந்தேன். நேரே சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று ஒரு நினைப்பு.

2

முதல் தொடக்கம்:

"மொன்றியல் நகரின் மேல் வெண்பனி ஒரு மெல்லிய துயரத்தைப் போல..."

சீ. பார்க் எக்ஸ்டென்ஷனில் பன்னிரண்டு வருடமாகச் சவளால் அள்ளிக் கொட்டுகிற சாமானைப் பற்றி இப்படி எழுத எனக்கென்ன விசரா?

இரண்டாவது தொடக்கம்:

"காரின் முன்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்காவிட்டால் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும்."

இது பரவாயில்லை. வைத்துக்கொள்வோம். ஆனால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், வாசகரைச் சுற்றவிட்டு வேடிக்கை பார்க்க எனக்கு மனமில்லை. டிசம்பர் பதினொன்று காலை றூபன் புரோசார்ட்டுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். முதல்நாள் உருகிய பனி இரவோடு இறுகிப்போய், அதை உருக்க நெடுஞ்சாலை முழுக்க உப்புத் தூவியிருந்தார்கள். முன்னால் போன லொறி அள்ளியெறிந்த உப்புச் சேறு அவன் கண்ணாடியை மூடிவிட்டது. காரை ஓரங்கட்டினான். இறங்கினான். கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றவனை ஒரு வான் வண்டி வந்து அடித்தது. காரில் ஒரு கீறல்கூட இல்லை.

(கடைசி வாக்கியத்தை மூன்று தரம் வெட்டினேன். அது உண்மை, அதனால் திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறது.)

3

பொலிஸ் காரைத் திருப்பிக் கொடுத்தது. கட்டடத்துக்குப் பின்னால் நின்ற அந்தக் காரடியில் வைத்துத்தான் பிரஷாந்தினி கேட்டாள்.

"அண்ணை, இவர் ஏன் இறங்கினவர்? உள்ளுக்குள்ள இருந்தே தண்ணி அடிச்சிருக்கலாம்தானே?"

"அடிக்கேல்லைப் போல."

"ஏன் அடிக்கேல்லை? தண்ணி நிறைய இருந்தது. அதுக்கு அஞ்சு நாளுக்கு முதல் நான்தானே நிரப்பி விட்டனான்."

நான் காரின் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவளோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒருக்காப் பாருங்கோ அண்ணை. ஏனெண்டு தெரியாட்டி எனக்கு நித்திரை வராது."

பார்த்தேன். ஸ்டியரிங் பக்கத்துத் தண்டை இழுத்துவிட்டுக் காதைக் கொடுக்க வேண்டும். பம்பின் சத்தம் கேட்டால் கோளாறு குழாயில், கேட்காவிட்டால் மின்சாரத்தில். கேட்கவில்லை. பியூஸைப் பிடுங்கினேன், எரிந்திருந்தது. புதிதொன்று போட்டதும் பம்ப் ஒருதரம் முனகிவிட்டு நின்றது, புதியதும் போய்விட்டது. கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் பீறுகிற துவாரங்களில் ஊசி விட்டுப் பார்த்தேன், அடைப்பு இல்லை. கடைசியாகத் தண்ணீர்த் தாங்கியின் நீல மூடி. வேண்டுமென்றே அதைக் கடைசிக்கு விட்டிருந்தேன். திறந்து டோர்ச் அடித்தால் உள்ளே ஐஸ்கட்டி. நிறமில்லாத ஐஸ்கட்டி.*

பம்ப் ஐஸுக்குள் இறுகியிருக்கிறது. அது தெரியாமல் றூபன் தண்டை விடாமல் இழுத்து இழுத்துப் பார்த்திருக்கிறான். அதில்தான் பியூஸ் எரிந்தது. ஆகவே நான் சொன்னது பொய்யே இல்லை என்று வாதாடலாம். இரண்டு நாள் வாதாடிப் பார்த்தேன், எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"பியூஸ் போயிட்டுது, தங்கச்சி."

"அப்ப ஒருத்தரிலயும் பிழையில்லை, என்ன?"

"ஓம். ஒருத்தரிலயும் இல்லை."

அவள் அழுதாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நிம்மதியாக அழுதது போல இருந்தது.

* வெளியூர் வாசகருக்கு: இங்கே குளிர்காலத்தில் அந்தத் தாங்கிக்குள் விடுவது தண்ணீர் அல்ல. தெப்பனேர்க் கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் கலன் கலனாக விற்கிற நீலத் திரவம், கடுங்குளிரிலும் உறையாது. கலனில் "லாவ்-கிளாஸ்" என்று பிரெஞ்சில் போட்டிருக்கும். எங்கள் ஆட்கள் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. நாங்கள் எல்லோரும் சொல்வது "தண்ணி".

4

இந்த இடத்தில் ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம் வந்துவிட்டது. அவன் பெயர் ஆரூரன். நான்தான்.

போன பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: "வில்லரேயில் ஒரு கராஜ்காரன், நீலத் திரவத்துக்குள் வெறும் தண்ணீரைக் கலந்து விற்கிற கள்ளன்..." அப்படி ஒரு கராஜும் இல்லை, கள்ளனும் இல்லை. பழியை இறக்கிவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். நடந்தது இதுதான். டிசம்பர் ஆறாம் தேதி பிரஷாந்தினி எனக்கு போன் எடுத்தாள். அவள் றூபனின் ஸ்பொன்சரில் ஊரிலிருந்து வந்து அப்போது எட்டு மாதம்.

"அண்ணை, காருக்குள்ள மஞ்சள் லைட் ஒண்டு எரியுது. கண்ணாடிக்குப் பூவாணம் விடுற மாதிரி ஒரு படம்."

"அது கண்ணாடிக்கு அடிக்கிற தண்ணி முடிஞ்சுபோச்சு. றூபன் எங்கை?"

"வேலையாலை வந்து படுத்திட்டார். பாவம், எழுப்பேல்லை. நானே செய்யிறன், சொல்லுங்கோ."

"முன்மூடியைத் திறந்தால் நீல மூடி ஒண்டு இருக்கும். தண்ணியை ஊத்தி விடுங்கோ, சரி."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

அடுப்பில் கோழிக்கறி இருந்தது, அடிப்பிடிக்கப் போகிறதே என்று போனை வைத்துவிட்டேன். இன்னும் ஒரேயொரு சொல் சொல்லியிருக்கலாம். "நீலத் தண்ணி" என்றாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். வந்து எட்டு மாதமானவளுக்குத் தண்ணி என்றால் தண்ணிதானே! அந்த ஐந்து நாளும் குளிர் பொறுத்திருந்தது. பத்தாம் தேதி இரவுதான் மைனஸ் பதினெட்டுக்கு இறங்கியது.

நான்தான் கொன்றேன் என்று எழுதிப் பார்த்தேன். அதற்குள் ஒரு நடிப்பு இருந்தது, வெட்டிவிட்டேன். என் கவலை வேறு. உண்மையைச் சொன்னால் அவள் என் வாயைக் குற்றம் சொல்லமாட்டாள். தன் கையைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பாள், சாகிறவரைக்கும். சொல்லாவிட்டாலோ, ஏன் இறங்கினார் என்று கேட்ட ஒருத்திக்கு அவள் புருஷனின் சாவைப் பற்றியே நான் பொய் சொன்னவனாகிவிடுவேன்.

5

முடிவுகள், எழுதிய வரிசையில்:

(அ) சொல்லவில்லை. அவள் காரை விற்கிறாள், நித்திரை கொள்கிறாள். படியில் அவளைக் கண்டால் நான் பூட்டைத் தேடுகிறவன் போலக் குனிந்துகொள்கிறேன். இது இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. இதை முடிவு என்று சொல்ல முடியாது.

(ஆ) சொல்கிறேன். அவள் கத்துகிறாள், என் சேட்டுக் கொலரைப் பிடித்து உலுப்புகிறாள், கடைசிப் பந்தியில் மன்னித்தும் விடுகிறாள். பேனா என் கையில் இருந்ததால் மன்னித்தாள். கிழித்தேன்.

(இ) அவளுக்கு முதலே தெரியும்; எனக்காகத்தான் தெரியாதவள் போல இருந்தாள். இது உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது, அன்றிரவு நன்றாகத் தூங்கினேன். விடிந்ததும் வெட்கமாக இருந்தது.

6

ஒன்றை இவ்வளவு நேரமும் உங்களுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எனக்குத் தமிழில் தட்டச்சு வராது. கையால்தான் எழுதுவேன், என் கோழிக்கிறுக்கலை வாசிக்கக்கூடிய ஆள் இந்த நகரத்தில் ஒருத்திதான். பிரஷாந்தினி யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் ஐந்து வருடம் தட்டச்சு செய்தவள். இங்கே வந்த மாதத்திலிருந்து என் கதைகளை அவள்தான் அடித்துத் தருகிறாள். நேற்றுப் படியில் மறித்துக் கேட்டாள்:

"அண்ணை, கதை ஒண்டும் எழுதேல்லையோ? எழுதினால் தாங்கோ. சும்மா இருந்தால் விசர் பிடிக்குது."

"ஒண்டு கிடக்கு. இன்னும் முடியேல்லை."

"முடியாட்டிப் பரவாயில்லை, தாங்கோ. முடிவைப் பேந்து சேர்ப்பம்."

ஆகவே இதற்கு முடிவு எழுதமாட்டேன். எழுத எனக்கு உரிமை இல்லை, உண்மையில் தைரியமும் இல்லை. இந்தத் தாள்களை உறையில் போட்டுவிட்டேன். மேலே போகப் பதினாலு படி. நீங்கள் இதை அச்சில் வாசிக்கிறீர்கள் என்றால் நான் அந்தப் படிகளை ஏறியிருக்கிறேன். அவள் இவ்வளவையும், குழாய்த் தண்ணீரைப் பிடித்து அப்படியே ஊற்றினாள் என்கிற இந்த வரியையும்கூட, ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியிருக்கிறாள். தட்டி முடித்த பிறகு அவள் என்ன செய்தாள் என்பதை இனி நீங்கள்தான்

[ஆரூரன் அண்ணை, ஒரு பிழை இருக்கு, திருத்துங்கோ. அப்படியே ஊத்தேல்லை. கொதிக்க வைச்சு, ஆறவிட்டு, துணியாலை வடிச்சுத்தான் ஊத்தினனான். ஊர்த் தண்ணி மாதிரி கண்ணாடியிலை வெள்ளை படிஞ்சால் இவருக்குப் பாதை தெரியாமல் போயிடுமெண்டு. — பி.]