வரிசையில் கிடைத்த நூலகம்

சுரங்கம் மூடிய பிறகு அந்த வேல்ஸ் ஊரில் மிஞ்சியது நூலகம் ஒன்றுதான். அதையும் மூடப்போகிறார்களா என்று கேட்கத்தான் கிளெனிஸ் கூட்டத்துக்கு வந்தாள். நகராட்சியிலிருந்து வந்த இளைஞனோ "அதிகாரம் உங்க கையில" என்பதையே ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிச் சொன்னான். கூட்டம் முடிந்ததும் ஒரு வரிசை நின்றது. டீக்குத்தான் என்று அவளும் கடைசியில் போய் நின்றாள். எதற்கென்று கேட்டுவிட்டு வரிசையில் நிற்பது அங்கே யாருக்கும் வழக்கமில்லை.

வரிசையின் முனையில் நின்ற அந்த நகராட்சி இளைஞன் அவள் கையிலும் ஒரு சாவியைத் திணித்தான். "முன்வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. திங்கக்கிழமைலேர்ந்து நூலகத்த நீங்கதான் நடத்தணும்."

கிளெனிஸுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பக்கத்தில் தன் சாவியோடு முழித்துக்கொண்டிருந்த கசாப்புக்கடை எம்ரிஸிடம், "இது டீ வரிசை இல்லையாப்பா?" என்றாள்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"வேணாம்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"வரிசைல நின்னுட்டு அப்பறம் வேணாம்னா நல்லாவா இருக்கும்?"

அவளாலும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. இளைஞனிடம், "தம்பி, டீயாவது உண்டா?" என்றாள்.

"இல்லீங்க, கெட்டில் நகராட்சியோடது" என்று அவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினான்.